பெய்யாத மழையின் பாக்கி

கிர்லோவா நகரத்து மழைநீர் வாரியத்துக்கு இலாரியோன் பிந்தியா கட்டவேண்டிய பாக்கி நாற்பத்தோராயிரத்து எழுநூற்று அறுபத்தொன்பது லேய், இருபது பானி. பில்லில் அவர் முதலில் நம்பியது அந்த இருபது பானியை மட்டும்தான். முன்னால் இருந்ததெல்லாம் மெஷின் தப்பாக அடித்ததாக இருக்கும் என்று நினைத்தார்.

இலாரியோன் பஞ்சர் ஒட்டுகிறவர். டான்யூப் ஆற்றுத் துறைமுகத்துக்குப் போகும் சாலையில், வீட்டு முற்றமே கடை. ஒரு கம்ப்ரஸர், இரண்டு ஜாக்கி, ஒரு வால்நட் மரம், மரத்தடியில் பழைய டயர் குவியல். இவ்வளவுதான் சொத்து. வருஷத்துக்கு ஒருமுறை மழைநீர் வரி வரும். கூரையிலும் முற்றத்திலும் விழுகிற மழை ஊர்ச் சாக்கடைக்குப் போகிறதல்லவா, அதைச் சுமந்து கொண்டுபோவதற்கு வாரியம் வாங்கும் கூலி அது. நாற்பதோ ஐம்பதோ லேய் வரும். திட்டிக்கொண்டே கட்டிவிடுவார். ஊரே அப்படித்தான் கட்டியது. கிர்லோவாவில் திட்டாமல் வரி கட்டுகிறவனை வெளியூர்க்காரன் என்று கண்டுபிடித்துவிடலாம்.

ஆனால் இந்த வருஷம் ஈஸ்டருக்குப் பிறகு ஒரு தூறல்கூட இல்லை. மக்காச்சோளம் நின்ற நிலையிலேயே காகிதமாகிவிட்டது. முற்றத்தில் ஆணி விழுந்தால் புழுதி எழுந்தது. 

வாரியத்து ஜன்னலில் செனோவியா உட்கார்ந்திருந்தாள். இருபது வருஷமாக அதே ஜன்னல். கண்ணாடியில் சின்ன ஓட்டை, அதற்கு நேராகக் குனிந்துதான் பேச வேண்டும். ஊரில் பாதிப் பேருக்கு முதுகுவலி வந்தது அந்த ஓட்டையால்தான்.

"இது என்னம்மா?" என்று பில்லை உள்ளே தள்ளினார் இலாரியோன்.

"மழை."

"எந்த மழை?"

"உங்க மழை அண்ணே."

"மழையே பெய்யலையேம்மா!"

"வெளியில பெய்யல. ப்ரோக்ராம்ல பெஞ்சிருக்கு."

ப்ரோக்ராம் என்றால் போன வருஷம் வாரியம் வாங்கிய மென்பொருள். ஊரின் தெரு, கூரை, குழாய், சாக்கடை எல்லாவற்றையும் அதற்குள் வரைந்து வைத்து, மேலே ஒரு மழையைப் பெய்யவிட்டால், தண்ணீர் எங்கே ஓடும், எங்கே தேங்கும் என்று அது காட்டும். வெள்ளம் வருமுன் எங்கே வாய்க்கால் வெட்டலாம் என்று யோசிப்பதற்காக யாரோ நல்லவர்கள் செய்த பொருள். பிரஸல்ஸில் இருக்கும் ஐரோப்பியத் தலைமை கொடுத்த பணத்தில் வாங்கினார்கள். வாங்கி முடித்தபோது வாய்க்கால் வெட்டப் பணம் மிச்சமில்லை. அவ்வளவு விலை கொடுத்து வாங்கியதைச் சும்மா வைத்திருக்கவும் மனம் வரவில்லை. ஆகவே அதை வரி போடப் பழக்கினார்கள். வாரியத்தில் யாரும் அதை 'அது' என்று சொல்வதில்லை. பெரிய டாக்டரைப் பற்றிப் பேசுவதுபோல 'அவங்க' என்றுதான் சொல்வார்கள்.

"அவங்க நூறு வருஷத்துக்கு ஒருவாட்டி வர்ற பெருமழையைப் பெய்ய விட்டிருக்காங்க" என்றாள் செனோவியா.

"எப்போ?"

"செவ்வாய்க்கிழமை. அப்புறம் வெள்ளிக்கிழமை."

"நூறு வருஷத்துக்கு ஒருவாட்டி வர்றது, ஒரே வாரத்துல ரெண்டுவாட்டி எப்படிம்மா வரும்?"

"செவ்வாய்க்கிழமை பெஞ்சதைச் சேமிக்க மறந்துட்டாங்க. அதான் திரும்பப் பெஞ்சாங்க." செனோவியா குரலைத் தாழ்த்தினாள். "மாடிக்குப் போய் அந்த ஹோரியாவப் பாருங்க. இன்ஜினியர். கெட்ட பையன் இல்ல. படிச்சவன், அவ்வளவுதான்."

ஹோரியா மூன்றாவது மாடியில், ஜன்னலை அட்டை வைத்து மறைத்த அறையில் இருந்தான். திரையில் வெயில் அடித்தால் மழை தெரியாதாம். இலாரியோனைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டான். அதிலேயே விஷயம் மோசம் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று.

"இதோ பாருங்கண்ணே, நம்ம ஊரு. இது துறைமுக ரோடு. இது உங்க வீடு."

வீட்டுக்கு முன்னால், முற்றம் இருந்த இடத்தில், நீலமாக ஏதோ இருந்தது.

"அது என்ன தம்பி?"

"ஏரி."

"யாரோட ஏரி?"

"உங்களுதுதான். கிட்டத்தட்ட ஏழாயிரம் கன மீட்டர். முற்றம் சின்னதா இருக்கறதால ஆழம் கொஞ்சம் ஜாஸ்தி. நாலு மாடி ஆழம்."

"நான் இன்னிக்குக் காலையில அங்க உக்காந்துதான் ஒரு டிராக்டர் டயரைக் கழட்டினேன்."

"ஜாக்கிரதையா இருங்கண்ணே" என்றான் ஹோரியா. கிண்டலாகச் சொல்லவில்லை. அவன் முகத்தில் நிஜமான கவலை இருந்தது.

பிறகு விளக்கினான். ஊரின் வடக்கே வாத்துக்குட்டை என்று ஒரு குட்டை இருந்ததே, மழைத் தண்ணீரெல்லாம் காலங்காலமாக அங்கேதான் போய்ச் சேரும். இப்போது அங்கே பங்களாக்கள் வந்துவிட்டன. குட்டையில் பங்களா கட்ட அனுமதி கொடுக்க முடியாது என்பதால் குட்டையை அழித்தார்கள். முதலில் படத்தில் அழித்தார்கள், பிறகு மண் கொட்டி அழித்தார்கள். ஆனால் பெய்த தண்ணீரும் போய்ச் சேர்ந்த தண்ணீரும் ஒத்துப்போகாவிட்டால் ப்ரோக்ராம் சிவப்பாகிவிடும். சிவப்பாக இருக்கிற அறிக்கையை பிரஸல்ஸ் வாங்காது. ஏழாயிரம் கன மீட்டர் எங்கேயாவது போயாக வேண்டும்.

"அதுக்கு ஏன்டா என் முற்றம்?"

"மத்த எல்லா இடத்துலயும் வக்கீல் இருந்தாங்கண்ணே."

வாரியத் தலைவர் ஒக்தாவ் ஸ்திர்ச்சா வியாழக்கிழமைகளில் மக்களைச் சந்திப்பார். தகரப் பட்டை வைத்த ஃபைலில் மனுவைக் கோத்துக் கொண்டுபோக வேண்டும். கயிறு கட்டிய ஃபைல் என்றால் காவலாளியே திருப்பி அனுப்பிவிடுவான். இலாரியோன் மூன்று வியாழக்கிழமை நின்றார். மூன்றாவது முறை ஃபைலும் சரியாக இருந்தது, தலைவரும் இருந்தார்.

"உக்காருங்க பிந்தியா" என்றார் தலைவர். உட்கார நாற்காலி இல்லை. "நானும் உங்களை மாதிரி ஏழை வீட்டுப் பையன்தான். எங்கப்பா ரயில்வே கேட்டு கீப்பர், உங்களுக்கே தெரியும். அவரு எனக்குக் கத்துக் குடுத்தது ஒண்ணே ஒண்ணு. உன் பேருல எதையும் வெச்சுக்காதே ஒக்தாவ்னு சொல்லுவாரு. இன்னிக்கு வரைக்கும் என் பேருல ஒரு செங்கல் உண்டா? வருஷாவருஷம் சொத்துக் கணக்கு குடுக்கறேன், வெறும் வெள்ளைக் காகிதம். கையெழுத்துப் போடற கவர்மென்ட் ஆளே கண் கலங்கிட்டாரு."

"சார், என் முற்றம் காஞ்சு கிடக்கு. ஒருதடவை வந்து பாத்தீங்கன்னா..."

"நான் எதுக்குப் பாக்கணும்? நான் பாத்தா அது ஒரு மனுஷன் பாத்தது. அவங்க பாத்தா அது விஞ்ஞானம். முன்னெல்லாம் மழை யாரோடதுன்னு எவனுக்கும் தெரியாது. காட்டுமிராண்டி மாதிரி நனைஞ்சுகிட்டு இருந்தோம். இப்ப ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு சொந்தக்காரன் இருக்கான். இதுக்குப் பேருதான் ஐரோப்பா."

"எனக்கு அந்தத் தண்ணி வேணாம் சார்."

"வேணாம்னா விட்டுடலாமே! சட்டம் அவ்வளவு கல்நெஞ்சா என்ன? தண்ணி மாயமா மறையாது, அவ்வளவுதான். நம்மகிட்ட கணக்கு இருக்கற வேற ஒருத்தர் வாங்கிக்கிட்டா உங்க பேரை எடுத்துடறோம். ஆளைப் பிடிச்சுட்டு வாங்க." தலைவர் சிரித்தார். பக்கத்தில் நின்ற செயலாளரும் சிரித்தார். ஃபைலைத் திருப்பிக் கொடுத்தார்கள், தகரப் பட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு.

ஏரி என்று ஒன்று ஆகிவிட்டால் அது தனியாக இருக்காது. முதலில் மீன்வளத் துறையிலிருந்து ஆள் வந்தார். ஏரியில் எத்தனை மீன் என்று கேட்டார். இல்லை என்றார் இலாரியோன். மீனை மறைத்ததற்கு ஒரு அபராதம். அடுத்து படகுப் போக்குவரத்துத் துறை. இவ்வளவு ஆழமான ஏரியில் உயிர்காக்கும் மிதவை வைக்காதது குற்றமாம். இலாரியோன் துறைமுகத்தில் ஒரு மிதவை வாங்கி வந்து வால்நட் மரத்தில் ஆணியடித்து மாட்டினார். பஞ்சர் ஒட்ட வந்த லாரி டிரைவர்கள் அதை டியூப் என்று நினைத்து விலை கேட்டார்கள். கடைசியாக சுகாதாரத் துறைப் பெண்மணி கொசுவுக்காக வந்தார். முற்றத்தில் ஒரு கொசுவும் இல்லாததால், குப்பியில் தானே கொண்டுவந்திருந்த கொசுவைக் காட்டி எச்சரித்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் கடைசியில் ஏரிக்குத் திறப்பு விழா. பிரஸல்ஸிலிருந்து இருவர் வருகிறார்கள், பணம் எப்படிச் செலவாயிற்று என்று பார்க்க. பார்க்க மாட்டேன் என்ற தலைவர் திறந்துவைக்க வந்தார். வாசலிலிருந்து மரத்தடிவரை வாரியத்து ஆட்கள் பலகைப் பாலம் போட்டிருந்தார்கள். தலைவரின் மனைவி வெள்ளைச் செருப்போடு, பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தப் புழுதிக்கு மேலே பலகையில் நடந்தார். நடுவில் ஒரு இடத்தில் கால் தடுமாறியபோது இரண்டு குமாஸ்தாக்கள் ஓடிப் பிடித்தார்கள்.

"நல்லவேளை" என்றார் ஒருவர். "நீச்சல் தெரியுமா மேடம்?"

தேவாலயத்து ஃபாதர் நிஃபோன் துளசிக்கட்டை வாளித் தண்ணீரில் முக்கித் தெளித்து ஏரியை ஆசீர்வதித்தார். வாளியில் இருந்தது இலாரியோனின் மனைவி சவேதா சமையலறைக் குழாயில் பிடித்துக் கொடுத்த தண்ணீர். தெளித்த இடத்தில் புழுதி கொஞ்சம் அடங்கியது. அந்தக் கோடையில் அந்த முற்றம் கண்ட ஈரம் அதுதான்.

பிரஸல்ஸ் பெண்மணி ஏதோ கேட்டார். தண்ணீர் எங்கே என்று கேட்கிறார் போலும் என்று இலாரியோனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"மேடம் ஏரி எவ்வளவு ஆழம்னு கேக்கறாங்க" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

ஹோரியா கையில் இருந்த திரையை உயர்த்திக் காட்டினான். நீலமாக இருந்தது. பெண்மணி அதைப் படமெடுத்துக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள். இலாரியோனும் தட்டினார். ஏன் தட்டினோம் என்று அவருக்கே பிறகு விளங்கவில்லை.

மறுநாள் கோர்ட் அமீனா வந்தார். பாக்கிக்காக கம்ப்ரஸரையும் இரண்டு ஜாக்கியையும் வண்டியில் ஏற்றினார். மிச்சத்துக்கு வீடு, அக்டோபர் கடைசியில் ஏலம்.

"கம்ப்ரஸரை விட்டுட்டுப் போங்கய்யா. அது இல்லாம நான் எப்படிப் பொழைக்கிறது?"

"இவ்வளவு பெரிய ஏரி வெச்சிருக்கீங்க" என்றார் அமீனா. "படகு விடுங்க."

அதுவரை இலாரியோனுக்கு இருந்தது குழப்பம்தான். எங்கோ ஒரு தப்பு நடந்திருக்கிறது, பொறுமையாக விளக்கினால் யாராவது ஒருவர் தலையில் அடித்துக்கொண்டு திருத்திவிடுவார் என்று நம்பிக்கொண்டிருந்தார். பதினெட்டு வருஷமாக அவர் கையோடு கையாக இருந்த கம்ப்ரஸர், வண்டியில் ஏறும்போது ஒரு மூச்சு விட்டது. குழாயில் மிச்சமிருந்த காற்று. அந்தச் சத்தத்தோடு அவருடைய பொறுமையும் போயிற்று.

"அவனை விடமாட்டேன்" என்றார்.

"யாரை?" என்றாள் சவேதா.

"ஸ்திர்ச்சாவை. எனக்கு வீடு போனாலும் பரவாயில்ல. அவன் நல்லா இருக்கக்கூடாது."

சவேதா ஊரில் சாவு விருந்துக்குச் சமைக்கிறவள். யார் வீட்டில் யார் போனாலும் நான்கு பெண்கள் சேர்ந்து கோதுமைக் கொலிவா கிண்டுவார்கள். அதில் ஒருத்தி சவேதா. ஊரில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பது நகராட்சியைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"ஏ மனுஷா, தண்ணிய வாங்கிக்க ஆள் வேணும்னுதானே சொன்னான்?"

"ஆமா. எவன் வாங்குவான்?"

"வேணாம்னு சொல்ல முடியாத ஆள் ஒருத்தர் இருக்காரு. அவன் அப்பன். பனாயித் ஸ்திர்ச்சா."

"அவரு செத்து மூணு வருஷமாச்சேடி."

"நான்தானே கொலிவா கிண்டினேன், எனக்குத் தெரியாதா? ஆனா வாத்துக்குட்டைப் பங்களா வாசல்ல போய்ப் பாரு, பெயர்ப்பலகை யார் பேருல இருக்கு? பனாயித் ஸ்திர்ச்சா. பங்களா கட்டி முடிச்சதே போன வருஷம். செத்ததுக்கு அப்புறம் மூணு மாடி கட்டின மனுஷன் அவரு ஒருத்தர்தான்."

இலாரியோன் மெல்லத் தலையைத் தூக்கினார்.

"இன்னொண்ணு கேளு" என்றாள் சவேதா. "அந்தக் கிழவருக்கு இன்னும் தண்ணி விடல. ஒக்தாவுக்கு அவசரம். அடக்கம் பண்ணின கையோட அவன் மீட்டிங்குக்குப் போயிட்டான்."

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் இறந்தால் அவர் பேரைச் சொல்லி ஒரு பெண் வாளி வாளியாகத் தண்ணீர் சுமப்பாள். சுமந்து முடிந்ததும் ஆற்றங்கரைக்குப் போய், மெழுகுவர்த்தி ஏற்றி, சாட்சி வைத்து, 'இந்தத் தண்ணி இன்னாருக்கு' என்று விட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தத் தண்ணீர் அந்த ஆத்மாவுக்குச் சொந்தம். மேலே தாகமெடுத்தால் குடிக்க. உயிரோடு இருக்கிற யாரும் அதற்கு உரிமை கேட்க முடியாது. தண்ணீர் விடப்படாத ஆத்மாக்கள் அங்கே நாக்கு வறண்டு அலையும் என்று பேச்சு.

ஃபாதர் நிஃபோன் முதலில் சம்மதிக்கவில்லை.

"சவேதா, இல்லாத தண்ணிய எப்படிம்மா விடறது? சாமி காரியம்மா இது."

"இல்லையா? நீங்கதானே ஃபாதர் ஆசீர்வாதம் பண்ணினீங்க? ஃபோட்டோகூட பேப்பர்ல வந்துச்சே. ஏரி இல்லன்னா நீங்க எதை ஆசீர்வாதம் பண்ணினீங்க?"

ஃபாதர் தாடியைத் தடவினார். அந்தத் திறப்பு விழாவுக்கு வாரியம் தருவதாகச் சொன்ன காணிக்கையும் இன்னும் வந்து சேரவில்லை. "மூணு வருஷமா ஒரு ஆத்மா தாகத்துல இருக்குன்னு சொல்றே" என்றார். "பாவம்தான்."

ஞாயிறு பூசை முடிந்ததும் சவேதா சுமக்க ஆரம்பித்தாள். முற்றத்திலிருந்து டான்யூப் கரைக்கு, வழக்கப்படி நாற்பத்து நாலு வாளி. எல்லாம் காலி வாளி. இல்லாத தண்ணீருக்கு அதுதான் சரியான அளவு. ஊர் இரண்டு பக்கமும் நின்று பார்த்தது. பாதியில் அவள் வாளியை இறக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சவேதா அக்கா, கனமா?" என்று கத்தினான் ஒரு மீன்காரன்.

"நாலு மாடி ஆழம்டா! நீ வந்து தூக்கிப் பாரு!"

கரையில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். இலாரியோன் தொப்பியைக் கழற்றிவிட்டு ஆற்றையும் சூரியனையும் கூடியிருந்தவர்களையும் சாட்சிக்கு அழைத்தார். "என் முற்றத்து ஏரித் தண்ணி அத்தனையும் பனாயித் ஸ்திர்ச்சாவுக்கு! ஒரு சொட்டு மிச்சமில்லாம! அவரு வீட்டு வாசலுக்கே போய்ச் சேரட்டும்!" கடைசி வாக்கியம் சடங்கில் கிடையாது. குரல் நடுங்கியது. துக்கத்தில் நடுங்குவதாக எல்லோரும் நினைத்தார்கள். ஃபாதர், தேவாலய முத்திரை போட்டு ஒரு சான்று எழுதிக் கொடுத்தார்.

செனோவியா அதை ஜன்னலுக்குப் பின்னால் இரண்டுமுறை படித்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது முறை படித்தாள்.

"ஆத்மா சாந்திக்குன்னு எழுதியிருக்கே அண்ணே."

"ஆமா."

"பனாயித் ஸ்திர்ச்சா இறந்துட்டாரா?"

"உனக்குத் தெரியாதாம்மா? நீயும்தானே வந்திருந்தே. ரெண்டு தட்டு சாப்பிட்டே."

"எனக்குத் தெரியறது முக்கியம் இல்லண்ணே." அவள் விசைகளைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். ஜன்னலுக்குப் பின்னாலிருந்த இருபது வருஷத்தில் முதல் முறையாக அவள் முகத்தில் ஒரு மலர்ச்சி. "அவங்க உயிரோட இருக்காருன்னு சொல்றாங்க. கணக்கு நடப்புல இருக்கு. அவங்க சொல்லும்போது நான் யாரு மறுக்க? நோட்டீஸ் அனுப்பிடறேன். முப்பது நாளுக்குள்ள அவரு மறுப்பு சொல்லலைன்னா சம்மதம்னு அர்த்தம்."

"மறுப்பு சொல்லமாட்டாரு" என்றார் இலாரியோன். "அமைதியான மனுஷன்."

நோட்டீஸ் பங்களாவுக்குப் போயிற்று. அப்பா பேரில் வரும் தபாலைத் தொடக்கூடாது என்பது அந்த வீட்டில் சட்டம். கையெழுத்துப் போட்டு வாங்கினால் வாரிசு என்று ஆகிவிடும். வாரிசு என்றால் பங்களா சொத்துக் கணக்கில் ஏறிவிடும். ஏறினால், வாரியச் சம்பளத்தில் மூன்று மாடி எப்படி வந்தது என்று கேட்பார்கள். தபால்காரர் நோட்டீஸைக் கம்பிக்கதவில் செருகிவிட்டு வந்தார். அது அங்கேயே வெயிலில் மஞ்சளாயிற்று.

முப்பது நாளும் இலாரியோன் தூங்கவில்லை. ஏலத்துக்கு ஊர்ச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் போகும்போதும் வரும்போதும் படித்தார். கைப்பம்பால் டயருக்குக் காற்றடித்துத் தோள்பட்டை இறங்கிப்போயிற்று. ஏலத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது கெடு முடிந்தது. பனாயித் ஸ்திர்ச்சா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

அன்று சாயங்காலம் ஹோரியா சைக்கிளில் வந்தான். டயரில் ஒன்றும் இல்லை. சும்மா வந்திருந்தான்.

"அண்ணே, ஏரியை மாத்திட்டேன். வாத்துக்குட்டைக்கு. பங்களா மேலயே. உங்க பேருல இப்ப பாக்கி இல்ல, ஏலமும் நின்னுபோச்சு." அவன் குரல் தேவாலயத்தில் பேசுவதுபோல இருந்தது. "மாத்தின உடனே எல்லாம் பச்சையாயிடுச்சு. ஒரு இடத்துல சிவப்பு இல்ல. வரவும் செலவும் அப்படியே உக்காந்துடுச்சு. இந்த ப்ரோக்ராம் இவ்வளவு சரியா வேலை செய்யும்னு எனக்கே தெரியாது."

"உங்க சேர்மன் என்ன சொன்னான்?"

"பச்சையா இருக்கான்னு கேட்டாரு. இருக்குன்னேன். கையெழுத்துப் போட்டு பிரஸல்ஸுக்கு அனுப்பிட்டாரு. அவரு எப்பவும் நிறத்தை மட்டும்தாண்ணே பாப்பாரு."

வானம் அந்த வாரமே இருண்டது. ஆறு மாதமாக வராத மழை, சேர்த்துவைத்ததுபோலக் கொட்டியது. இலாரியோனின் முற்றத்தில் கணுக்கால் ஈரம்கூட நிற்கவில்லை; ஊரின் தண்ணீரெல்லாம் காலங்காலமாகப் போன வழியில் வடக்கே போயிற்று. பங்களாவின் நிலவறையில் பில்லியர்ட்ஸ் மேஜை மிதந்தது. தலைவர் வாரியத்து அவசர எண்ணுக்குத் தானே போன் செய்தார். போனை எடுத்த ஊழியன், மறுநாள் கைப்பம்பில் காற்றடித்துக்கொள்ள வந்தபோது இலாரியோனிடம் அதை அப்படியே நடித்துக் காட்டினான்.

"பம்பு அனுப்புடான்னாரு. சார், அது பதிவான ஏரி, தண்ணி இருக்கவேண்டிய இடத்துலதான் இருக்குன்னேன். இறைக்கணும்னா சொந்தக்காரர் கையெழுத்து வேணும், உங்கப்பாவ ஒரு நிமிஷம் குடுங்கன்னேன். அப்பப்பா, என்ன கெட்ட வார்த்தை! நோட்டு போட்டு எழுதி வெச்சுக்கணும்."

தண்ணீர் வடிவதற்குள் அதே அமீனா அதே வண்டியோடு பங்களாவுக்குப் போனார். பனாயித் ஸ்திர்ச்சா பேரில் பாக்கி, மேலே தாமதக் கட்டணம். மீன் அபராதமும் கூடவே இடம் மாறியிருந்தது. பங்களாவை ஜப்தி செய்யட்டுமா, இல்லை சொந்தக்காரர் காலமாகிவிட்டார் என்றால் வாரிசு யாரென்று எழுதிக்கொள்ளட்டுமா என்று பணிவாகக் கேட்டார். தலைவர் இரண்டு நாள் அவகாசம் கேட்டார்.

இரண்டாம் நாள் காலை வாரியத்து ஜன்னலுக்கு முன்னால் வழக்கமில்லாத கூட்டம். வரி கட்ட யாருக்கும் கெடு இல்லை. ஆனாலும் வரிசை தெருவரை நின்றது. பனாயித்தின் சவப்பெட்டியைத் தூக்கிய நால்வரில் மூன்று பேர் இருந்தார்கள். குழி வெட்டியவன் இருந்தான். கொலிவா கிண்டிய பெண்கள் இருந்தார்கள். ஃபாதர் நிஃபோன் ஏதோ மின்சாரச் சந்தேகம் கேட்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு சுவரோரமாக நின்றார். இலாரியோன் வரிசையில் முதல் ஆளாக நின்றுகொண்டிருந்தார். தலைவர் பையோடு வந்ததும் ஒதுங்கி இடம் விட்டார்.

"வாங்க சேர்மன் சார். நீங்க முன்னாடி போங்க."

தலைவர் கண்ணாடி ஓட்டைக்கு நேராகக் குனிந்தார். வாழ்க்கையில் முதல் முறையாக அந்தப் பக்கத்திலிருந்து குனிகிறார். எவ்வளவு குனிய வேண்டும் என்று தெரியாமல் நெற்றியை இடித்துக்கொண்டார்.

"கட்டவேண்டியவர் பேரு?" என்றாள் செனோவியா.

"உனக்குத் தெரியும்."

"ரசீதுக்கு நீங்கதான் சொல்லணும் சார்."

"பனாயித் ஸ்திர்ச்சா."

"அவரு வரலையா?"

"வர முடியல."

"ஏன் சார்? காலமாயிட்டாரா? அப்படின்னா இங்க வாங்க முடியாது. பக்கத்து ஜன்னல். பாக்கியும் வீடும் முதல்ல வாரிசு பேருக்கு மாறணும்."

தலைவர் திரும்பிப் பார்த்தார். குழி வெட்டியவன் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னான்.

"இருக்காரு" என்றார் தலைவர்.

"கேக்கல சார். கண்ணாடி தடுக்குது."

"இருக்காருன்னு சொன்னேன்!"

"எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காரு! எங்கப்பா நல்லா இருக்காரு!"

வரிசையில் ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள். சவப்பெட்டி தூக்கியவர்களில் ஒருவன் பக்கத்து ஆளிடம், "அன்னிக்கு அவ்வளவு கனமா இருந்தாரே, வேற யாரைடா தூக்கினோம்?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டான்.

செனோவியா பணத்தை எண்ணினாள். அவசரமே இல்லாமல், ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து எண்ணினாள். தலைவர் குனிந்தபடியே நின்றார். முதுகு வலிக்கும் என்று இலாரியோனுக்குத் தெரியும். அந்த வலி எந்த இடத்தில் ஆரம்பித்து எங்கே போய் நிற்கும் என்றும் தெரியும். அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு நிமிஷத்தைக்கூட வீணாக்கவில்லை.

கடைசியில் முத்திரை விழுந்தது. செனோவியா ரசீதைத் தூக்கிப் பிடித்து உரக்கப் படித்தாள். "பனாயித் ஸ்திர்ச்சா. முழுத் தொகையும் பெறப்பட்டது. பாக்கி இல்லை."

"அப்பாவை நான் விசாரிச்சதாச் சொல்லுங்க சார்" என்றார் இலாரியோன்.

தலைவர் ரசீதை வாங்கிக்கொண்டு நிமிராமலேயே நடந்தார். அவர் வாசலைத் தாண்டும்போது வரிசை மொத்தமும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒரே குரலில் வாழ்த்தியது.

"பெரியவர் நீண்ட ஆயுசோட இருக்கட்டும்!"